அபினும் ஆளுமையும் — ஒரு வரலாற்று நோக்கு

திருவள்ளுவனார் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அபினைப்பற்றி ஒன்றுங் கூறினாரல்லர். கூறியிருப்பின் சென்ற ஆண்டு எமது சங்கச் செயற்குழுவில் எழுந்த வினாவுக்கு எளிதில் விடை கண்டிருப்போம். ஹெரோயின் பழக்கத்துக்கு ஆளாகிச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், மகோற்சவ காலத்திற் சங்கம் நடாத்தும் தண்ணீர்ப்பந்தலிலே தொண்டு செய்ய விரும்பினார். நம்மிற் சிலர் இசைந்தோம். அப்பொழுது எம்மிடத்து மிக்க அன்புடைய பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பியவை, பழக்கத்தை மருந்தாலை விடுவிக்கலாம். குணத்தை என்ன செய்யிறது? இண்டைக்கு நல்லாத்தான் நிப்பான். மூண்டு வருசம் போகட்டும், பிறகு பாப்பம்” என்றார். கூட்டம் மௌனமாயிற்று. எமக்கும் மறுமொழி தோன்றவில்லை.

அம்மௌனம் எம்மை விட்டபாடில்லை. பழக்கத்துக்கு அடிமையாதல் ஒருவனது குணத்தின் கோளாறா? அவ்வாறாயின் மீண்டவரெல்லாரும் எங்ஙனம் மீண்டனர்? விடுமுறை நாட்களிலே பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இவ்விஷயத்தைத் துருவியபோது, இவ்வினாவை இரு நூற்றாண்டுகளாக அறிஞர் பலர் கேட்டு வந்திருக்கின்றனர் என்பதையும், அவர்கள் விடை பன்முறை தலைகீழாக மாறியிருக்கின்றது என்பதையுங் கண்டோம்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மனோர்க்குக் கோல்றிட்ஜ் என்னும் ஆங்கிலப் புலவர் புதியவரல்லர். கடற்பறவையைக் கொன்று பழி சுமந்த கிழ மாலுமியின் கதையை வகுப்பிலே மனனஞ் செய்தோம். அப்புலவர் அபினுக்கு அடிமையாயிருந்தார் என்பதை எமது ஆசிரியர் ஒரே வாக்கியத்திற் சொல்லிக் கடந்துவிட்டார். உண்மையிலே, அவர் வாழ்வின் பெரும்பகுதியை அந்த ஒரு வாக்கியமே விழுங்கியிருந்தது. அக்கால இங்கிலாந்தில் அபின் கலந்த மதுசாரம் மருந்துக் கடைகளிலே தடையின்றி விற்கப்பட்டது. 1868 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதனை வாங்குவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உடல்நோவுக்காக இளமையிலே அதனைத் தொட்ட கோல்றிட்ஜ், நடுவயதில் மனைவி மக்களைப் பிரிந்து, நண்பர் வேட்ஸ்வேர்த்துடன் பகைத்து, எழுதத் தொடங்கியவற்றை முடிக்கமாட்டாது அலைந்தார். 1816 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அக்காலத்தில் இலண்டனுக்கு அண்மையிலிருந்த ஹைகேற் என்னும் ஊரிலே கில்மன் என்ற வைத்தியரின் வீட்டு வாசலை அடைந்தார். ஒரு மாதமளவு தங்குவது எண்ணம். 1834 இல் இறக்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார்!

அவர் அபினை முற்றாக விட்டாரா என்றால், இல்லை. வைத்தியர் அளந்து கொடுத்தார். அதற்கு மேலாக ஊர் மருந்துக்கடையிலிருந்து இரகசியமாகவும் வாங்கிக்கொண்டார். ஆயினும் முன்பு ஒன்றையும் முடிக்கமாட்டாதிருந்தவர், அவ்வீட்டிலிருந்தபொழுதே 1817 இல் தமது பெரிய இலக்கிய விமரிசன நூலையும், 1825 இல் சமய தத்துவ நூலொன்றையும் வெளியிட்டார். அவருடைய பேச்சைக் கேட்கவென்றே இளைஞர் பலர் ஹைகேற் குன்றேறி வந்தனர். இவரை மீண்டவர் என்பதா, மீளாதவர் என்பதா? கில்மன் குடும்பத்தார் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு ஓர் அறையும், உணவு மேசையில் ஓர் இடமும் கொடுத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஷயம் வேறாயிற்று. அபினிலிருந்து மோர்பின் முன்னரே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. 1850 களிலே ஊசிமருந்துக் குழல் வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அக்காலத்தில் மோர்பினுக்கு அடிமையானோருட் பெரும்பாலார் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள். நோவுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் வைத்தியர் கொடுத்த மருந்தினாலேயே அந்நிலை அடைந்தவர்கள். அவர்களை உலகம் நோயாளர் என்றது, இரங்கியது. 1898 இல் ஜேர்மனியிலிருந்து ஹெரோயின் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1914 இல் அமெரிக்கா ஹரிசன் சட்டத்தை இயற்றி இவற்றைக் கட்டுப்படுத்தியது. வைத்தியரும் எச்சரிக்கையடைந்தனர். அதன் பின் அடிமைப்பட்டோர் கூட்டத்தின் தோற்றமே மாறியது. நகரத்து வறிய இளைஞர், வேலையற்றோர், தெருமுனையில் நிற்போர் ஆகியோரே இப்பொழுது கண்ணிற் பட்டனர். மருந்தின் தன்மை மாறவில்லை. உட்கொள்பவர் மாறினர், உடனே தீர்ப்பும் மாறிற்று. இரக்கத்துக்குரிய நோயாளி இருந்த இடத்திலே குணங்கெட்டவன் வந்து நின்றான். இவ்விடத்திற் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தோம். எமது பெரியவரின் கூற்று எங்கிருந்து வந்தது என்பது சிறிது விளங்கியது.

அத்தீர்ப்புக்கு விஞ்ஞான ஆடை உடுத்தியவருள் முதன்மையானவர் லோறன்ஸ் கோல்ப் என்னும் அமெரிக்க அரசாங்க வைத்தியர். இவர் கொடியவரல்லர், அடிமைப்பட்டோரைச் சிறையில் அடைப்பதை எதிர்த்தவர். 1925 ஆம் ஆண்டு இவர் எழுதிய கட்டுரையிலே, மனச்சமநிலையுடைய சாதாரண மனிதன் எளிதில் அடிமையாகான், ஆனவருட் பெரும்பாலார் முன்னரே ஆளுமைக் குறையுடையவர் என வகுத்துக் காட்டினார். சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை வேண்டும் என்ற அவரது வாதத்துக்கு இசையக் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரருகே 1935 இல் ஒரு பெரும் நிலையம் எழுந்தது. மக்கள் அதனைப் ‘போதைப் பண்ணை’ என்றே அழைத்தனர். தாமாக வந்த நோயாளரும் தண்டிக்கப்பட்ட கைதிகளும் அங்கு ஒருங்கே தங்கினர். பசு வளர்த்தனர், பயிர் செய்தனர், தச்சுவேலை பயின்றனர், இசையும் வாசித்தனர். நல்ல காற்று, ஒழுங்கான வாழ்வு, உழைப்பு ஆகியவை கோணிய ஆளுமையை நிமிர்த்தும் என்பது நம்பிக்கை. அங்கேயே ஆராய்ச்சிக்கூடமும் இருந்தது. அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி வெட்கத்துக்குரியது: பரிசோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குப் போதைப்பொருளையே கூலியாகக் கொடுத்தனர் என்பது 1975 இல் அமெரிக்க மூதவை விசாரணையில் வெளியாயிற்று.

நம்பிக்கை பலித்ததா? உள்ளே இருந்தவரை நோயாளர் நன்றாகவே இருந்தனர். வெளியேறியதும் வீழ்ந்தனர். நியூயோர்க் நகருக்குத் திரும்பியோரைப் பற்றி 1962 இல் வெளியான ஆய்வொன்று, பத்துப்பேரில் ஒன்பதின்மருக்கு மேல் மீண்டும் பழக்கத்துக்கு ஆளாயினர் எனக் கூறியது. “ஒருமுறை அடிமையானவன் என்றும் அடிமை” என்ற வாசகம் உலகெங்கும் பரவியது. அங்கு நடத்திய உளவியற் பரீட்சைகளும் அடிமைப்பட்டோரிடத்துச் சட்டத்தை மதியாத ஆளுமைச் சாயல் மிகுந்திருப்பதைக் காட்டின. பெரியவரின் கட்சி வென்றது போலவே தோன்றுகிறது.

ஆயினும் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வைத்தியர் கண்டவர் யாவர்? வைத்தியசாலைக்கு வந்தவரும், திரும்பத் திரும்ப வந்தவருமே. தாமாகப் பழக்கத்தை விட்டு வேலைக்குப் போய்விட்டவன் எந்த வைத்தியரின் பதிவேட்டிலும் இல்லை. கோட்டு வாசலிலே தேநீர்க்கடை வைத்திருப்பவன், யாழ்ப்பாணத்தார் அனைவரும் வழக்காளிகள் என்று எண்ணுவது போன்றதே இது. (அவன் எண்ணம் முற்றிலும் பிழையென்று சாதிக்க நாமும் துணியோம்!)

லெக்சிங்டனிலேயே ஏபிரகாம் விக்ளர் என்ற வைத்தியர் வேறொரு தடயத்தைக் கண்டார். பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் மூக்கு நீர் வடியும், கண் கலங்கும், கொட்டாவி வரும், உடல் நடுங்கும், வயிறு புரளும். இவ்வாதை சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் பல மாதங்கள் மருந்தின்றி நலமாயிருந்த ஒருவன் தன் பழைய தெருவில் மீண்டும் காலடி வைத்ததும், மருந்து உடலில் ஒரு துளியும் இல்லாதபொழுதே, அந்நடுக்கமும் கண்ணீரும் திரும்ப வருவதை அவர் கேட்டறிந்தார். மணியோசை கேட்டதும் எச்சில் ஊறிய பவ்லோவின் நாயைப் போல, பழைய தெருமுனையும் பழைய நண்பன் முகமும் உடலை ஏமாற்றின. 1940 களின் இறுதியில் அவர் இக்கருத்தை எழுதியபோது அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டோர் சிலரே. அதற்குரிய பெரும் பரீட்சை, எவரும் திட்டமிடாமலே, ஒரு யுத்தத்தின் வடிவில் வந்தது.

1971 ஆம் ஆண்டின் முற்பகுதியில், வியட்னாமிலுள்ள அமெரிக்கப் படைவீரருள் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பேர் ஹெரோயினுக்கு அடிமையாயுள்ளனர் என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இருவர் அறிவித்தனர். நாடு திடுக்கிட்டது. ஆயிரக்கணக்கான அடிமைகள், அதுவும் ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள், மாதந்தோறும் வீடு திரும்பப் போகின்றனர்! ஜூன் மாதத்திலே ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதலாவது பகைவன் எனப் பிரகடனஞ் செய்து, ஜெறோம் ஜவி என்னும் மனநோய் வைத்தியரின் தலைமையில் ஒரு விசேட அலுவலகம் அமைத்தார். நாடு திரும்பும் ஒவ்வொரு வீரனும் விமானம் ஏறுமுன் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மருந்தின் சுவடு காணப்பட்டவன் சில நாட்கள் தங்கி, உடல் சுத்தமான பின்னரே ஏறலாம் என்பது விதி.

திரும்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறியும் பொறுப்பை சென்ற் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ றொபின்ஸ் என்னும் அம்மையாரிடம் ஒப்படைத்தனர். இவர் தெரிவு செய்யப்பட்டதிலே ஒரு சுவை உண்டு. குழப்படிக்காரப் பிள்ளைகள் வளர்ந்தபின் எவ்வாறாகின்றனர் என்று முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்து, 1966 இல் நூல் வெளியிட்டவர் இவர். இளமைக் குணம் முதுமைவரை தொடரும் என்பதை எண்ணிக் காட்டியவர். எமது பெரியவர் தம் கட்சிக்கு வழக்கறிஞர் தேடியிருந்தால், இவரைக் காட்டிலும் சிறந்தவர் கிடைத்திரார்.

றொபின்ஸ் அம்மையார் 1971 செப்தெம்பரில் வியட்னாமை விட்டுப் புறப்பட்ட வீரருள் ஏறக்குறைய 900 பேரை அமெரிக்கா முழுவதும் தேடி, அவர்கள் திரும்பி எட்டு முதற் பன்னிரண்டு மாதங்களின் பின் நேரிற் பேட்டி காணச் செய்தார். சொல்லை மட்டும் நம்பாது சிறுநீரும் பெற்றுச் சோதித்தார். வியட்னாமில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் அபின் வகைகளை ஒருமுறையேனும் உட்கொண்டிருந்தனர். நூற்றுக்கு இருபதின்மர் அடிமையாகியே இருந்தனர். அறிவிக்கப்பட்டதினும் இது அதிகம். அங்கு ஹெரோயின் அவ்வளவு மலிவு, அவ்வளவு தூய்மை. ஊசி தேவையில்லை, சிகரெட்டிலே கலந்து புகைத்தாற் போதும். யுத்தத்தின் கொடுமை தாங்காமலே உட்கொண்டனர் என நாம் எண்ணுவோம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. பலர் வந்திறங்கிய சில வாரங்களிலேயே, சமர் காணுமுன்னரே, தொடங்கிவிட்டனர்.

இனி, திரும்பிய பின் நடந்தது. வியட்னாமில் அடிமையாயிருந்தோருள், முதலாண்டிலே மீண்டும் அடிமையானவர் நூற்றுக்கு ஐவர். ஐவர் மாத்திரமே! லெக்சிங்டனின் தொண்ணூறு எங்கே, இந்த ஐந்து எங்கே? பெரும்பாலார் எவ்வித சிகிச்சையும் பெறவில்லை. பத்திரிகைகள் நம்பவில்லை, அறிஞர் பலரும் நம்பவில்லை. அரசாங்கத்துக்கு உவப்பான விடையைக் கூறிவிட்டார் என்ற ஐயமும் எழுந்தது. “இன்று நன்றாகத்தான் இருப்பர், சில ஆண்டு போகட்டும்” என்றவர்களும் இருந்தனர். எமது பெரியவர் தனித்தவரல்லர்.

ஆகவே 1974 இல் அம்மையார் அவர்களை மறுபடியுந் தேடிச் சென்றார். இம்முறை போர்க்களம் காணாத இளைஞர் குழுவொன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு சிறிது காலமேனும் மீண்டும் அடிமையானவர் நூற்றுக்குப் பன்னிருவர். இன்னொன்று அதனினும் வியப்பானது. அடிமையாயிருந்தோரிற் பாதிப்பேர் ஊர் திரும்பியபின் ஹெரோயினை ஒருமுறையேனும் தொட்டிருந்தனர். தொட்டும் பெரும்பாலார் அடிமையாகவில்லை. ஒருமுறை வழுக்கியவன் குழியின் அடிவரை சென்றே தீர்வான் என்ற கொள்கை இங்கே ஆட்டங் கண்டது.

ஏன் இவ்வாறு? விக்ளர் கண்ட தெருமுனை இங்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வியட்னாமிலே நின்றுவிட்டது. மருந்து தந்தவன் இல்லை. கூடப் புகைத்தவன் வேறொரு மாநிலத்தில். ஹெரோயின் ஊரிலே விலை மிகுந்தது, கலப்படமானது, பிடிபட்டாற் சிறை. ஒவ்வொரு வீரனுக்கும் ஓராண்டே சேவை. திரும்பும் திகதியை அவன் வந்திறங்கிய அன்றே அறிவான். வீட்டிலே தாயும், காத்திருந்த பெண்ணும், முன்பு பார்த்த வேலையும் இருந்தன. லெக்சிங்டனை விட்டுப் புறப்பட்டவனோ பழக்கம் பிறந்த அதே தெருவுக்கே திரும்பினான். இரு கூட்டத்தாரின் உடலிலும் ஓடியது ஒரே மருந்து என்பதை நாம் மறத்தலாகாது.

இதனைக் கொண்டு குணத்துக்கு இதில் யாதொரு பங்குமில்லை எனக் கூறிவிட்டால் அது நேர்மையாகாது. படையிற் சேருமுன்னரே பாடசாலையிலிருந்து இடையில் விலகியோர், பொலிசாரிடம் அகப்பட்டோர், இளமையிலே குடித்தோர் ஆகியோரே வியட்னாமில் ஹெரோயினை அதிகம் நாடினர் என்பதையும் அதே அம்மையாரின் கணக்கே காட்டுகிறது. அவர் தமது பழைய ஆய்வைக் கைவிடவில்லை. குணம் ஒருவனை வாசல்வரை கொண்டுவிடுகிறது. உள்ளே எத்தனை காலம் தங்குவான் என்பதை வேறு பலவும் தீர்மானிக்கின்றன. மனநலமும் அவற்றுள் ஒன்று. சோர்வு, அச்சம், பழைய மனக்காயங்கள் ஆகியன அடிமைப்பட்டோரிடையே மிகுதி என்பதை இன்றைய வைத்தியம் ஒப்புகிறது. அவற்றைக் கவனியாது பழக்கத்தை மட்டும் துரத்துதல் பயன்தராது என்றுங் கூறுகிறது. ஆனால் அச்சோர்வு பழக்கத்துக்கு முன் வந்ததா, பழக்கத்தாலும் ஊராரின் ஏச்சாலும் பின் வந்ததா என்பதைச் சிறைக்குள் வைத்து எழுதுவித்த பரீட்சைத்தாள் எவ்வாறு கூறும்?

எல்லோருக்கும் கடல் கடந்து வீடு திரும்பும் பாக்கியமில்லை. அவர்களுக்காக நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவர் 1964 இல் வேறொரு வழி கண்டனர். மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து வாயாற் கொடுத்தபோது, நோயாளரின் தவிப்பு அடங்கியது. அதுவரை ஊசியைத் தவிர வேறொன்றையும் நினையாதிருந்தவர் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசலாயினர். 1965 இல் இருபத்திரண்டு நோயாளரைப் பற்றிய அவர்களது அறிக்கை வெளியாயிற்று. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்டவர் பலர், இன்றுங் கேட்கின்றனர். 1973 இல் அபின் வகைகள் சென்று பற்றும் தனியிடங்கள் மூளையிலே உண்டு என்பது நிறுவப்பட்டபின் அக்கேள்வியின் கூர் சற்று மழுங்கிற்று. கில்மன் வைத்தியர் கோல்றிட்ஜுக்கு அளந்து கொடுத்ததும் இதன் பழைய வடிவமே என்று எமக்குத் தோன்றுகிறது. இது எமது ஊகம்.

லெக்சிங்டன் நோயாளரையும் முற்றாகக் கைவிட வேண்டியதில்லை என்பதை ஜோர்ஜ் வெய்லன்ற் என்ற மனநோய் வைத்தியர் காட்டினார். 1952 இல் அங்கு சேர்ந்த நியூயோர்க் வாசிகள் நூற்றுவரை அவர் இருபது ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்தார். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாரும் வீழ்ந்தனர். இருபதாம் ஆண்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் இறந்துவிட்டனர். மூன்றிலொரு பங்கினர் நிலையாகப் பழக்கத்தை விட்டிருந்தனர். விட்டவரிடம் அவர் கண்டவை: யாரேனும் ஒருவரின் இடைவிடாத மேற்பார்வை, பழக்கம் இருந்த நேரத்தை நிரப்பும் வேறொன்று, பழைய புண்கள் இல்லாத புதிய உறவு, உள்ளத்தை உயர்த்தும் ஒரு கூட்டத்தில் அங்கத்துவம். கடைசியானதை வாசித்தபோது எமது செயற்குழுவின் மேசையும் நாற்காலிகளும் கண்முன் வந்தன.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு ஒரு மாலை அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். பொறுமையாகக் கேட்டார். வியட்னாம் கணக்கைச் சொன்னபோது, “அவங்கள் கடல் தாண்டிப் போட்டாங்கள். எங்கடை பெடியன் அதே சந்தியிலைதானே நிக்கிறான்” என்றார். அது சரியான கேள்வி. 1980 கள் முதல் ஹெரோயின் நம் நாட்டில் வேரூன்றி, 1984 இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டத்தால் அமைக்கப்பட்டும், சந்திகள் அப்படியேதான் இருக்கின்றன. நாம் அருணகிரிநாதரை நினைவூட்டினோம். இளமையிலே நெறிதவறிக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான் என்று வழங்கும் வரலாற்றை அவரே எமக்குச் சிறுவயதிற் சொல்லித் தந்தவர். “முருகன் தாங்கினவன். நீங்கள் தாங்குவியளோ?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, அவ்விளைஞர் மாலை ஐந்து மணி முதற் பூசை முடியும்வரை, சந்தி வெறுக்கும் நேரம்வரை, பந்தலில் நிற்கலாம் என்றும், தாமும் அங்கு வந்திருப்பதாகவும் கூறினார்.

பத்து நாளும் வந்திருந்தார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்ட மூன்று வருஷத்தில் ஒன்று கழிந்திருக்கிறது. இவ்வாண்டு தண்ணீர்ப்பந்தலின் வரவு செலவுக் கணக்கை எழுதியவர் அவ்விளைஞரே. அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் பெரியவர்.